இரவில் ராணுவ டிசைன் உடை நம்மை மறைக்குமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம் எங்கள் தோட்டத்திலும் அதை ஒட்டிய கரட்டிலும் இரவில் தேவாங்கும் ஆந்தையும் பார்க்கப் போகிறேன். கொஞ்சம் நெருங்கினாலே ஆந்தை பறந்துவிடுகிறது. ராணுவத்தினர் அணிவதுபோல் திட்டுத்திட்டாக அச்சிட்ட உடை வாங்கினால் பயன் உண்டா? கறுப்புச் சட்டையே போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். வீட்டில் கிடக்கும் மங்கிய காக்கிச் சட்டையோ சாம்பல் நிறப் பழைய பருத்திச் சட்டையோ இவ்விரண்டையும்விட நன்றாக உங்களை மறைக்கும். காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. நிறத்தையும் நுணுக்கத்தையும் காண்பவை கூம்புச் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். சுமார் 12 கோடி. பௌர்ணமி நிலவின் ஒளி வெயிலைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு மங்கலானது. அந்த வெளிச்சத்தில் கோல் செல்களை நம்பித்தான் பார்க்கிறோம். அவற்றுக்கு நிறம் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. வெளிறியது எது, இருண்டது எது என்ற வேறுபாடு மட்டுமே தெரியும். ஆகவே பகலில் இலையும் கிளையும் நிழலுமாகக் கண்ணை ஏமாற்றும் அந்தத் திட்டுகள் இரவில் ஒன்றோடொன்று கரைந்து ஒரே நிறமாகிவிடுகின்றன. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய டிசைனை இருட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

இதை நானே சோதித்திருக்கிறேன். நல்ல நிலவு நாளில், காய்ந்த புல்வெளி ஓரத்தில் கொடி கட்டி மூன்று சட்டைகளைத் தொங்கவிட்டேன்: ஒன்று ராணுவ டிசைன், ஒன்று கறுப்பு, ஒன்று பல முறை துவைத்து வெளுத்த சாம்பல். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து அடி தூரத்தில் டிசைன் மங்கலாகத் தெரிந்தது. இருபது தப்படி தள்ளிப் போனதும் அது ஒரே கருந்திட்டாகிவிட்டது. கறுப்புச் சட்டையோ, புல்லில் யாரோ ஓட்டை போட்டதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. சாம்பல் சட்டையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. செலவில்லாத சோதனை, நீங்களும் செய்து பாருங்கள்.

இரவு என்றால் கறுப்பு என்பது பலரும் நம்பும் தவறு. கும்மிருட்டிலும் வானத்தில் கொஞ்சம் ஒளி இருக்கும். மண்ணும் பாறையும் உலர்ந்த புல்லும் அதைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணி விழுங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இரவுப் போர் விமானங்களுக்கு முதலில் கரிபோன்ற கறுப்பு வண்ணம்தான் அடித்தது. 1942 வாக்கில் அதைக் கைவிட்டு வெளிர்சாம்பலும் கரும்பச்சையுமாக மாற்றியது. ஜெர்மானியர்களும் தங்கள் இரவு விமானங்களில் கறுப்பை விட்டு வெளிர்சாம்பலுக்கு வந்தார்கள்.

உங்கள் கரடு முள்ளும் பாறையுமான வறண்ட நிலம். கோடையில் தரை வெளிறியிருக்கும், காக்கியும் சாம்பலும் பொருந்தும். மழைக்குப் பிறகு பச்சை ஏறினாலோ புளியமரத்தடியில் உட்கார்ந்தாலோ ஒரு படி இருண்ட நிறம் நல்லது. ஒரு சின்னச் செய்தி: செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் கவனித்ததுபோல, வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு கறுத்துப்போகும், நீலம் வெளுத்துத் தெரியும். வெளிர்நீலச் சட்டை உங்களைக் காட்டிக்கொடுக்கும். அதே காரணத்தால்தான் டார்ச்சின் முன் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டச் சொல்கிறேன். கோல் செல்களைச் சிவப்பு ஒளி அதிகம் தொந்தரவு செய்யாது, இருட்டுக்குப் பழகிய கண் பழகியபடியே இருக்கும்.

சட்டையைவிட உங்களைக் காட்டிக்கொடுப்பவை வேறு. வரப்பின்மேல் நின்றால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் அப்படியே விழும். வியர்வை மினுங்கும் நெற்றி, மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு நொடி ஒளிரும் செல்பேசித் திரை ஆகியவை தூரத்திலிருந்தே தெரியும். எல்லாவற்றுக்கும் மேல் அசைவு.

அடுத்து ஓசை. உங்கள் ஆந்தைகள் பறந்துபோவதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். கூகைக்கு ஒரு காது சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் அமைந்திருக்கின்றன. ஒரு துளி வெளிச்சமில்லாத இடத்திலும் எலியின் சலசலப்பை மட்டும் கேட்டு அது பாய்ந்து பிடிக்கும். அந்தக் காதுக்குச் சருகில் விழும் உங்கள் செருப்புச் சத்தம் எப்படிக் கேட்கும்! கடைகளில் விற்கும் ராணுவ டிசைன் உடைகளில் பல செயற்கை இழைத் துணிகள். நடந்தால் தொடை உரசிச் சரசரக்கும். பழைய பருத்தித் துணி பேசாது. ஆகவே தேடி நடப்பதைவிட, பொழுது சாய்வதற்கு முன்பே போய் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பறவை தானாக வரும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் தானியங்கிக் கேமராவில் என் கறுப்புச் சட்டை ஒருமுறை வெள்ளைச் சட்டையாகவே பதிவாகியிருந்தது. சாதாரணச் சாயங்கள் பல அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. இதற்காகவே ராணுவங்கள் தனிச் சாயங்களைப் பயன்படுத்துகின்றன. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க வீரர்களிடம் இரவுக்கென்றே கட்டம்போட்ட பச்சை மேலுடை இருந்தது. இரவுக் காட்சிக் கருவிகள் மேம்பட்டதும் அது பயனற்றதாகி வழக்கொழிந்தது. வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராவுக்கோ துணியின் டிசைன் ஒரு பொருட்டே இல்லை. முகமும் கையும் விளக்குபோல் ஒளிரும்.

சட்டமும் இருக்கிறது. இந்தியத் தரைப்படையின் புதிய சீருடை 2022 ஜனவரி 15 அன்று அறிமுகமானது. அந்த டிசைனின் உரிமை படைக்கே உரியது. ராணுவ வீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அப்படி உடுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லைதான். ஆனால் நள்ளிரவில் கரட்டில் அந்த உடையோடு ஒருவரைக் காணும் வனக் காவலருக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் நன்றாக மறைந்துவிடுவதுதான். தார்ச்சாலையில் நடக்கும்போது லாரி ஓட்டுநருக்கு நீங்கள் தெரிந்தாக வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு கழற்றுங்கள். சில இடங்களில் பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டியிருப்பார்கள். நடக்கும்போது டார்ச்சை அணைக்கவே கூடாது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் எந்த இரவு, எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். உங்கள் கரடு அதற்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால், எழுத்துமூலம் அனுமதி பெற்ற பிறகே அடுத்த முறை போங்கள்.