விமர்சகர்கள் மோசம் என்று ஒதுக்கியும் நீங்கள் ரசித்துப் பார்த்த படம் எது? ஏன்?

2010 டிசம்பரில் வந்த 'தி டூரிஸ்ட்'. ஜானி டெப், ஏஞ்சலினா ஜோலி, வெனிஸ். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஐந்து விமர்சகர்களில் ஒருவர்தான் இதை நல்ல படம் என்றார். மற்றவர்களின் குற்றச்சாட்டு பெரும்பாலும் மூன்றுதான்: விறுவிறுப்பு இல்லை, ஜோடிக்குள் கெமிஸ்ட்ரி இல்லை, கதையில் ஓட்டை. கடைசியை மறுக்க மாட்டேன். முதல் இரண்டில் எனக்கு வழக்கு உண்டு.

முடிச்சை அவிழ்த்துத்தான் பேச முடியும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

அலெக்சாண்டர் பியர்ஸ் என்பவன் ஒரு தாதாவின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு தலைமறைவானவன். பிரிட்டிஷ் அரசுக்கு வரிப் பாக்கியும் வைத்திருக்கிறான். முகத்தை மாற்றிக்கொண்டுவிட்டதால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பாரிஸில் இருக்கும் காதலி எலிஸுக்கு (ஜோலி) அவனிடமிருந்து கடிதம் வருகிறது: ரயிலில் ஏறு, என் உடல்வாகில் ஒருவனைப் பிடி, அவன்தான் நான் என்று போலீஸ் நம்பட்டும். அப்படி மாட்டுகிறவர்தான் ஃபிராங்க் (டெப்), அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த கணக்கு வாத்தியார். எலிஸ் உண்மையில் பியர்ஸை வேவு பார்க்க அனுப்பப்பட்டு, அவனையே காதலித்துவிட்ட உளவாளி. கடைசியில் ஃபிராங்க்தான் பியர்ஸ்.

வெனிஸ் போகும் ரயிலில் ஒரு காட்சி. தன்னைச் சாப்பிட அழைக்கும்படி எலிஸ் சொல்கிறாள். சாப்பிட வருகிறீர்களா என்று ஃபிராங்க் கேட்க, பெண்களுக்குக் கேள்வி பிடிக்காது என்கிறாள். சரி, வாருங்கள் என்றால் அது அதட்டல். திரும்பக் குரலைத் தாழ்த்தினால் மறுபடியும் கேள்வி. கடைசியில் 'நான் சாப்பிடப் போகிறேன், விருப்பமிருந்தால் சேர்ந்துகொள்ளலாம்' என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒருத்தி ஒருவனுக்கு எப்படி அழைப்பது என்று பாடம் எடுக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு இந்தப் படத்தின் உச்சக்காட்சியே இதுதான். இதில் டெப் முழித்துக்கொண்டு, மின் சிகரெட்டை வைத்துக்கொண்டு, சோப்ளாங்கியாக உட்கார்ந்திருக்கிறார் என்று திட்டினார்கள். இரண்டாம் முறை பாருங்கள். அந்தச் சோப்ளாங்கித்தனம் பியர்ஸ் போட்டிருக்கும் வேஷம். தன்னை நன்றாக அறிந்த பெண்ணின் எதிரில் அமர்ந்து, தன்னை முதன்முதலாகப் பார்ப்பவளாக அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வேறொருத்தனாகப் போயும் அவள் மனதில் இடம்பிடிக்க முடியுமா என்று பார்க்கிறான் போல. கெமிஸ்ட்ரி இல்லை என்றவர்கள் இந்தக் கோணத்தை அதிகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இயக்குநர் ஃபுளோரியான் ஹெங்கல் ஃபான் டோனர்ஸ்மார்க். கிழக்கு பெர்லினில் ஒட்டுக்கேட்கும் ரகசியப் போலீஸைப் பற்றி 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். அடுத்த படம் அதே கனத்தில் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் இங்கேயும் அவர் வேவு பார்ப்பவர்களைத்தான் காட்டுகிறார், இந்த முறை கிண்டலாக. முதல் காட்சியிலேயே ஒரு வேன் நிறைய போலீஸ்காரர்கள் எலிஸைக் கண்காணிக்கிறேன் பேர்வழி என்று ஜொள்ளு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எரித்த கடிதத்தின் சாம்பலைக்கூட அள்ளிக்கொண்டு போய் ஒட்டிப் படிக்கிறார்கள்.

விறுவிறுப்பு பற்றி. வெனிஸ் கால்வாயில் ஒரு படகுத் துரத்தல் உண்டு. ஃபிராங்க் இருக்கும் படகை எலிஸ் தன் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள், பின்னால் துப்பாக்கியோடு ஆட்கள். இவ்வளவு நிதானமான துரத்தலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை! ஆனால் இது 1955-இல் ஹிட்ச்காக் எடுத்த 'டு கேட்ச் எ தீஃப்' வழியில் வரும் படம். அங்கே திருடனைப் பிடிப்பதைவிட கேரி கிராண்டும் கிரேஸ் கெல்லியும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதுதான் முக்கியம், பின்னணியில் பிரெஞ்சுக் கடற்கரை. 'தி டூரிஸ்ட்' படத்தில் கேமராவுக்கு ஜான் சீல், உடைகளுக்கு கொலின் ஆட்வுட். ஜோலி நடந்து வந்தாலே கூட்டம் திரும்பிப் பார்க்கிறது, அதற்காகவே படம் நின்று நிதானித்துப் போகிறது. அவசரப்பட்டால் இந்த அழகு கிடைக்காது.

கோல்டன் குளோப் திரைப்பட விருதில் இதை நகைச்சுவை அல்லது இசைப் படப் பிரிவில் பரிந்துரைத்தபோது ஊரே சிரித்தது. நட்சத்திரங்களை விழாவுக்கு வரவழைக்கத்தான் என்றார்கள், இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பிரிவு தவறாகப் படவில்லை, பைஜாமாவோடு வெறுங்காலில் ஓட்டுக் கூரைகள் மேல் ஓடும் கதாநாயகனை வேறு எந்தப் பெட்டியில் போடுவது? 10 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 27 கோடிக்கு மேல் வசூலித்தது. அதில் அமெரிக்காவில் வந்தது 7 கோடிக்கும் குறைவு.

ஓட்டைகளா? பெரிய ஓட்டை அந்தக் கூரை ஓட்டமேதான். அவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டவன், தன்னைக் கொல்ல அலையும் தாதாவின் ஆட்களிடம் தன்னையே தூண்டிலில் மாட்டி விடுவானா? முடிச்சு தெரிந்தபின் யோசித்தால் அதற்கு விடையே இல்லை. பால் பெட்டனி நடித்த போலீஸ் அதிகாரியும் காரணமே இல்லாமல் உச்சஸ்தாயியில் கத்திக்கொண்டிருக்கிறார். பாவம், டிமதி டால்டனுக்கோ கடைசியில் வந்து வழக்கை மூடிவிட்டுப் போவதைத் தவிரப் பெரிதாக வேலையில்லை.