நான் எப்போது நர்ஸ் ஆவேன்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த நான், கோவையில் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விளக்கேற்றும் விழாவில் உறுதிமொழி சொன்னபோது உடல் சிலிர்த்தது. வார்டுக்குப் போனபின் அந்த உணர்வு போய்விட்டது. படுக்கை விரிப்பு மாற்றவும், லேப்புக்கு ரத்த மாதிரி கொண்டுபோகவும்தான் கூப்பிடுகிறார்கள். நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று அழைத்தால் வேஷம் போட்டதுபோல் கூச்சமாக இருக்கிறது. நான் நர்ஸ்தான் என்ற நம்பிக்கை எப்போது வரும்?

பதில்: உங்கள் கூச்சத்தை நான் குறையாக நினைக்கவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே எல்லாம் தெரிந்ததுபோல் நடமாடும் மாணவிகளைப் பார்த்தால்தான், பல ஆண்டுகள் கற்பித்த எனக்குக் கவலை வரும்.

அந்த உறுதிமொழி நவீன நர்சிங்கின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் வழங்கினாலும் அவர் எழுதியதன்று. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு, பயிற்சி முடித்து வெளியேறும் மாணவியருக்காக அதை எழுதியது. நாமோ படிப்பின் தொடக்கத்திலேயே அதைச் சொல்ல வைக்கிறோம். சொல் முதலில் வந்துவிடுகிறது, பொருள் வார்டில் மெதுவாக வந்து சேர்கிறது. இடைப்பட்ட காலத்தில் கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

எனக்கு அது வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது, ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில், குடல் ஆபரேஷன் முடிந்த, மஞ்சள் பயிரிடும் விவசாயி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருந்தது. காலை எட்டு மணிக்கு யூரின் பையில் 200 மி.லி. இருந்தது, பத்து மணிக்குப் பார்த்தபோதும் அதே கோட்டில்தான் நின்றது. கேட்டதற்கு, “ஒண்ணுமில்லீங்க அம்மிணி, அடிவயிறுதான் கல்லாட்ட இருக்குதுங்க” என்றார். போர்வையை விலக்கினால், டியூப் அவருடைய தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் சிறுநீர் இறங்கியது.

பாராட்டுக் கிடைக்கும் என்று ஸ்டாஃப் நர்ஸிடம் ஓடினேன். “ஒன்பது மணிக்கு ஏன் பார்க்கலை?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். பிறகு பேனாவை நீட்டி, கண்ட நேரத்தையும், செய்ததையும், இறங்கிய அளவையும் சார்ட்டில் எழுதச் சொல்லி, என் எழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார். மதியம் டியூட்டி மாறும்போது அந்த வரியை அடுத்து வந்த சிஸ்டரிடம் வாசித்துக் காட்டினார். நான் கவனித்த ஒன்றைப் பிறர் நம்பி வேலை செய்யப்போகிறார்கள் என்பதும், கவனிக்காமல் விட்டதற்கும் நானே பதில் சொல்ல வேண்டும் என்பதும் ஒரே நாளில் புரிந்தன. வேஷம் என்ற எண்ணம் அன்று குறையத் தொடங்கியது.

ஆகவே, ரத்த மாதிரியைக் கொண்டுபோவதை எடுபிடி வேலையாக எண்ணாதீர்கள். குப்பியில் உள்ள பெயர் சரியா, அந்தப் பரிசோதனை எதற்கு, முடிவு என்ன வந்தது என்று மூன்றையும் தெரிந்துகொண்டால் அதே நடை நர்ஸின் வேலையாகிவிடும். ஆனால் மாணவிகளை நாள் முழுவதும் ஓடவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தையும் சொல்லாத வார்டுகள் உண்டு. நோயாளியின் எதிரிலேயே மாணவியைத் திட்டும் ஆசிரியர்களும் உண்டு. அது எங்கள் தரப்பின் தவறு.

அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாக விவரித்தார். நடுப்படியான தேர்ச்சிக்கே, ஒரே வகை வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கணக்கு. நீங்கள் இன்னும் முதற்படியில் இருக்கிறீர்கள். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்ததும், ‘புத்தகத்தில் ஒன்று, வார்டில் ஒன்று’ என்ற அதிர்ச்சி மறுபடியும் வரும். நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இப்போதே, நெருக்கடியிலும் கை கழுவ மறக்காத சீனியர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் நோயாளியிடம் பேசும் விதத்தைக் கவனித்து வாருங்கள்.

‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். தெரியாததைக் கேட்டால், “நான் மாணவிங்க, கேட்டு வந்து சொல்றேனுங்க” என்று சொல்லுங்கள். கேட்டபின் திரும்பிப் போக மறந்துவிடாதீர்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.