பார்சலுக்குக் காசு கட்டுவது யார்?

கேள்வி: எனக்கு 26 வயது. ஹட்டன் டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், தம்பி ஏ.எல். படிக்கிறான். பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் வரும் விளம்பரங்களைப் பார்த்துச் சாமான் வாங்கி ஏமாந்துகொண்டே இருக்கிறேன். மரக்கறி வெட்டும் மெஷின் ஒரு கிழமையில் உடைந்தது. சாரி படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம். முடி வளரும் எண்ணெயால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசியாக 3,450 ரூபாய்க்கு முகம் வெள்ளையாகும் கிரீம் வாங்கினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது, இப்போது கன்னம் சிவந்து எரிகிறது. பார்சல் வரும் நேரம் நான் கடையில் இருப்பதால் அம்மாதான் ரோட்டுக்கு இறங்கிக் காசு கட்டி எடுத்து வைப்பார். இன்னும் ஒரு பார்சல் வர இருக்கிறது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? நம்பி வாங்கக்கூடிய பேஜ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: மகள், கிரீமை இன்றைக்கே நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் வேறொன்று பேச வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரிக் கடிதங்கள் மஸ்கெலியாவிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எல்லோருக்கும் பேஜைப் பற்றித்தான் கவலை. உங்கள் கடிதத்திலும் மெஷின், சாரி, எண்ணெய், கிரீம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை எழுதியிருக்கிறீர்கள். காசு கட்டியவருக்கு ஒரே ஒரு வரி. அதையும் அவருக்காக எழுதவில்லை, நீங்கள் கடையில் இருப்பதைச் சொல்ல வந்த இடத்தில் அவர் தற்செயலாக வந்து நிற்கிறார். அந்தக் காசை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தீர்களா? கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். விலை இருக்கிறது, கொடுத்ததாக ஒரு சொல் இல்லை. கொடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

கூரியர்காரர் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறி வர மாட்டார். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமல், வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசில் கிடக்கிற நிலைமை நமக்குப் புதிதா? அதனால் அவர் ரோட்டில் நின்று போன் எடுப்பார். பகல் பத்து, பதினொரு மணிக்கு. அந்த நேரம் அம்மா மலையில் நிற்பார். கங்காணியிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கோடு இறங்கி வர வேண்டும். மடியில் முடிந்து வைத்த காசை அவிழ்த்து, கொழுந்துக் கறை பிடித்த விரலால் எண்ணிக் கொடுத்து, கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்ப ஏற வேண்டும். இறங்கி ஏறிய நேரத்துக் கொழுந்தை யார் எடுப்பது? தராசில் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அந்த அரைப்பேரைக் கிரீமின் விலையில் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நீங்களும் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

விலைக் கணக்கையும் பார்ப்போம். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல். அதை 1,350 ஆக்க 2024 வரைக்கும் இழுத்தார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் நம் சனம் ரோட்டில் இறங்கிக் கத்த வேண்டியிருந்தது. 2024இன் அந்த 1,350இல் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு கழித்தால் கைக்கு வந்தது 1,242. உங்கள் கிரீம் 3,450. அந்தக் கணக்கில் ஏறத்தாழ மூன்று நாள் பேர், மகள். முழுப்பேராக விழுந்தால்தான் அதுவும். அதற்கு மேல் தீபாவளி முற்பணத்தை மாதா மாதம் கழிப்பார்கள், தம்பிக்கு டியூஷன் காசு வேறு. வெயிலிலும் மழையிலும் நின்று கறுத்த முகத்தோடு இருக்கும் அம்மாவின் காசில் உங்கள் முகம் வெள்ளையாகக் கிரீம் வாங்கியிருக்கிறீர்கள். இதை மெதுவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா ஒன்றும் சொல்வதில்லையே என்று நினைப்பீர்கள். அவர் எப்படிச் சொல்வார்? போனில் கூரியர்காரர் உங்கள் பெயரைச் சொல்கிறார். பிள்ளை கேட்ட சாமான், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் பிள்ளை கோபிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. காசு கட்டாமல் பொட்டலத்தைப் பிரிக்கவும் விட மாட்டார்கள். வீட்டுக்குத் தேவையான ஏதோ ஒன்று என்று நம்பித்தான் அவர் மடியில் முடிந்த காசை அவிழ்க்கிறார்.

நீங்கள் ஏன் ஏமாந்துகொண்டே இருக்கிறீர்கள் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. சாமான் வந்த பிறகு காசு கொடுக்கிற முறையில் ஒரே ஒரு நல்ல விஷயம் உண்டு. இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு ஓர்டர் போட்டவர், நாலு நாள் கழித்துப் பகலில் பர்சைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் யோசிப்பார். 'இது எனக்கு எதற்கு?' என்ற கேள்வி காசை எண்ணும்போதுதான் வரும். சிலர் அந்த இடத்தில்தான் தப்பிக்கிறார்கள். உங்களுக்கு அந்த நிமிஷமே வருவதில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே இடத்தில், வேண்டாம் என்று சொல்லவே முடியாத ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்கு ஓர்டர் போடுவது மட்டும்தான் வேலை, அதற்குக் காசே தேவையில்லை. பிறகு எப்படி நிற்கும்?

அதனால் 'அடிமையாகிவிட்டேனா' என்று என்னிடம் கேட்காதீர்கள். அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் அது ஏதோ உங்களுக்கு வந்த நோய் மாதிரி ஆகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்த்துப் பாவப்பட வேண்டும். நான் அம்மாவைப் பார்த்துத்தான் பாவப்படுகிறேன். சம்பளம் எடுக்கிற பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், குறைந்தபட்சம் தன் செலவைத் தான் பார்க்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது என்று தெரியும். நான் இதில் மாற மாட்டேன்.

சரி, பேஜ் விஷயம். விளம்பரத்தில் நீங்கள் எத்தனை விநாடி நின்றீர்கள் என்பதையும் அந்த ஆப் கணக்கில் எடுக்கிறது. ஒரு கிரீம் வீடியோவை முழுதாகப் பார்த்தால் அடுத்த நாள் இன்னும் பல வரும். விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அமத்தி 'மறை' என்று கொடுங்கள், கொஞ்சம் குறையும். பேஸ்புக் பேஜின் விவரப் பகுதிக்குப் போனால் அது எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று பார்க்கலாம். போன மாதம் வரை சப்பாத்து விற்ற பேஜ் இன்றைக்குக் கிரீம் விற்றால் உங்களுக்கே விளங்கும். முழு விலாசமும் பற்றுச்சீட்டும் தராதவரிடம் ஒன்றும் வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம்தான். ஆனால் யார் மீது என்று கேட்பார்கள். உங்கள் கையில் இருப்பது கூரியர் துண்டு மட்டும் என்றால் என்ன சொல்வீர்கள்? இதெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் நல்ல பேஜ் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கும் அம்மாவே காசு கட்டினால் நான் எழுதியது வீண்.

இப்போது கிரீம். சீக்கிரம் வெள்ளையாக்கும் என்று விற்கும் சில கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா ஒப்பந்தம் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தமே இருக்கிறது, அது பாதரசம் கலந்த அழகுப் பொருட்களையும் தடுக்கிறது. பாதரசம் தோலை மட்டும் இல்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசியவரோடு நிற்காது. கையாலும் துவாயாலும் தலையணையாலும் வீட்டில் உள்ளவர்களுக்கும் போகும். லயத்துக் காம்பராவில் நீங்களும் அம்மாவும் தம்பியும் எவ்வளவு நெருக்கமாகப் படுப்பீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேறு சிலவற்றில் டொக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பூச வேண்டிய ஸ்டீரொய்ட் மருந்து இருக்கும். முதலில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து சிவக்கும், எரியும். உங்கள் டப்பாவில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, விற்றவர் சொல்லவும் மாட்டார். டப்பாவை எறியாமல் ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தியதும் எரிச்சல் கூடினால், பயந்துபோய்த் திரும்ப அதையே பூச வேண்டாம். துவாயையும் தலையணை உறையையும் துவைத்துப் போடுங்கள்.

பிறகு அம்மாவோடு உட்காருங்கள். இதுவரை எத்தனை பார்சலுக்கு எவ்வளவு கட்டினார் என்று கேளுங்கள். 'அதெல்லாம் எதுக்கு, விடு பிள்ளை' என்பார், விடாதீர்கள். கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு சம்பளத்தில் முடியாத தொகையாக இருந்தால் மாதம் இவ்வளவு என்று வைத்து, சம்பளம் எடுத்த அன்றே, வேறு எதற்கும் காசை உடைக்க முன் அவர் கையில் கொடுங்கள். பரிசு மாதிரி, பெரிய உதவி மாதிரிக் கொடுக்க வேண்டாம். பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். இனி எது வாங்குவதானாலும் கடை விலாசத்துக்கு வரவையுங்கள், உங்கள் பர்சிலிருந்து கட்டுங்கள். முதலாளி அதற்குச் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள்.

வர இருக்கிற பார்சலில் என்ன என்று எழுதவில்லை. என்னவாக இருந்தாலும் நாளைக் காலையில் அந்தப் பேஜுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டோம் என்பார்கள். அப்படியானால் காசு கட்டாமல் திரும்பிப் போகட்டும், பேஜ்காரர் திட்டினால் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கூரியர்காரரிடம் இருப்பது அம்மாவின் போன் நம்பர். அதனால் இன்றைக்கு இரவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: ரோட்டிலிருந்து கோல் வந்தால் எடுக்க வேண்டாம், மலையை விட்டு இறங்கவும் வேண்டாம் என்று.