‘இலவச’ லாரிப் பள்ளிக்கு எத்தனை மாதம் விலை? – வாசகர் கேள்வி பதில்

(அமெரிக்காவில் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் தாமே நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.)

கேள்வி: நாமக்கல்லில் எட்டு ஆண்டுகள் டாரஸ் லாரி ஓட்டியவன் நான். அக்காவின் மனுவால் கிரீன் கார்டு கிடைத்து, குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இப்போது ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். பெரிய லாரி நிறுவனம் ஒன்று, தன் சொந்தப் பள்ளியில் கட்டணமின்றிப் பயிற்சி தந்து, உரிமம் வாங்கியதும் வேலையும் தருவதாகச் சொல்கிறது. ஓராண்டு அவர்களிடமே ஓட்ட வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: போடலாம், ஆனால் அந்த ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் வைத்திருந்து, ஒரு வரி விடாமல் படித்த பிறகு போடுங்கள். படிக்க வீட்டுக்குத் தர மாட்டோம் என்று சொல்லும் நிறுவனமாக இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

‘கட்டணமின்றி’ என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பள்ளிக்குக் கட்டணம் உண்டு. அது பல ஆயிரம் டாலராக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். சொன்ன காலம் முழுவதும் நீங்கள் அவர்களிடம் ஓட்டினால் அது தள்ளுபடியாகும், இடையில் விலகினால் அதுவே கடனாக மாறும். ஆகவே இது டாலரில் கட்டாமல் மாதங்களில் கட்டும் கட்டணம். அந்த மாதங்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய முதல் வரி. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்தா, உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்தா, தனியாக வண்டியை எடுத்த நாளிலிருந்தா என்பதைப் பொறுத்து ஓராண்டு என்பது பதினான்கு மாதங்களாகவும் நீளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஒன்பது மாதம் ஓட்டிவிட்டு விலகுகிறவர் மிச்சமுள்ள மூன்று மாதத்துக்கான தொகையை மட்டும் கட்ட வேண்டுமா அல்லது முழுத் தொகையையும் கட்ட வேண்டுமா, அதற்கு வட்டி உண்டா என்பது. நிறுவனமே உங்களை வேலையிலிருந்து நீக்கினாலோ, உடல்நலம் கெட்டு ஓட்ட முடியாமல் போனாலோ, பள்ளியில் தேர்ச்சி பெறாமல் திரும்பினாலோ அந்தக் கடன் யார் தலையில் விழுகிறது என்பதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆள் சேர்ப்பவர் தொலைபேசியில் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஒப்பந்தத்தில் இல்லாத பேச்சு பேச்சோடு போய்விடும். அவருக்கு உங்களைச் சேர்த்து விடுவதோடு வேலை முடிந்தது.

இவ்வளவு சொல்லியும் ‘போடலாம்’ என்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. புதிதாக உரிமம் வாங்கியவரை வேலைக்கு எடுக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதால், பெரும்பாலான லாரி நிறுவனங்கள் ஆறு மாதம் அல்லது ஓராண்டு அனுபவம் கேட்கின்றன. நம் ஊரில் எட்டு ஆண்டுகள் ஓட்டியது இங்கே அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. அந்த முதல் ஓராண்டை எங்காவது ஓட்டித்தான் தீர வேண்டும் என்ற நிலையில், நியாயமான ஒப்பந்தம் தருகிற நிறுவனப் பள்ளி மோசமான வழி அன்று. ஆயினும் அதற்கு முன் உங்கள் பகுதியிலுள்ள வேலைவாய்ப்பு உதவி மையத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். 2014ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் ஒன்றின் கீழ், தகுதியுள்ளவர்களுக்குத் தனியார் பள்ளியிலோ சமுதாயக் கல்லூரியிலோ லாரிப் பயிற்சி பெற அரசே பணம் தருகிறது. அது கிடைத்தால் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. இதைப் பற்றி எந்த நிறுவனத்தின் ஆள் சேர்ப்பவரும் உங்களிடம் சொல்லப் போவதில்லை.

சேர்வது என்று முடிவானால், வெறுங்கையோடு போக வேண்டாம். நியூ ஜெர்சியின் சாதாரண கார் உரிமம் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். பிறகு சி.டி.எல். எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான பழகுநர் உரிமம். நம் ஊர் எல்.எல்.ஆர். போன்றதுதான். அதற்குப் பொது அறிவுத் தாளும், காற்றழுத்த பிரேக், இணைப்பு வண்டி ஆகிய தாள்களும் உண்டு. ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். மாநிலக் கையேடு விலையின்றிக் கிடைக்கிறது. இந்தத் தாள்களைப் பள்ளிக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதல் வாரத்தை வீணாக்குகிறார்கள். பழகுநர் உரிமம் பெற்ற பிறகு 14 நாள் கழியாமல் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியாது. உங்கள் வயது தடையாக இருக்காது. மாநில எல்லை கடந்து ஓட்ட 21 வயது ஆகியிருந்தால் போதும்.

பள்ளியின் முதல் இரண்டு மூன்று நாட்கள் பாடமாக இருக்காது, வடிகட்டலாக இருக்கும். பேருந்துச் சீட்டு அனுப்பி வரவழைத்து, ஒரு மோட்டலில் முன்பின் தெரியாத ஒருவரோடு அறை தந்து, மறுநாள் காலையிலேயே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். சில நிறுவனங்கள் தலைமுடியையும் பரிசோதிக்கின்றன. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி விற்கப்பட்டாலும் லாரி ஓட்டுநருக்குக் கூட்டரசுச் சட்டப்படி அது தடைதான். பரிசோதனைக்கு மறுப்பதும் தோற்றதாகவே கொள்ளப்படும். 2020 ஜனவரி முதல் இயங்கும் தேசியப் பதிவேட்டில் அது ஏறினால் மற்ற நிறுவனங்களும் பார்க்கும். இந்த வடிகட்டலில் ஊருக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கையைக் கண்டு, வகுப்பு அறை இரண்டாம் நாளே பாதியாகிவிட்டதே என்று நீங்கள் திடுக்கிட வேண்டாம்.

2022 பிப்ரவரி 7 முதல் நடப்பிலுள்ள கூட்டரசு விதிப்படி, தேசியப் பட்டியலில் பதிவு பெற்ற பள்ளியில் பயின்றவரே முதன்முறை இந்த உரிமத்தின் ஓட்டுத் தேர்வுக்குச் செல்ல முடியும். ஆனால் அந்த விதி, வண்டியில் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. திறமை வந்துவிட்டது என்று பயிற்றுநர் கையெழுத்திட்டால் போதும். எனவே ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்கள், நாளொன்றுக்கு ஒருவர் எவ்வளவு நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரு வண்டி என்றால் பெரும்பகுதி நேரம் வெயிலில் நின்று பிறர் ஓட்டுவதைப் பார்ப்பீர்கள். கியர் வண்டியா, தானியங்கி வண்டியா என்பதையும் கேளுங்கள். தானியங்கியில் தேர்வு எழுதினால், கியர் வண்டி ஓட்டக் கூடாது என்ற தடை உரிமத்தில் பதிவாகும்.

எட்டு ஆண்டு அனுபவம் உங்களுக்கு உதவுமா என்றால், பாதி உதவும், பாதி இடறும். சாலையைப் பார்க்கும் கண், பாரம் ஏற்றிய வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்ற அறிவு, இரவு ஓட்டத்தில் தூக்கம் வரும் நேரம் தெரிவது, இவை புதியவருக்கு இல்லாத சொத்து. ஆனால் நம் ஊரில் சாலையின் இடப்புறம் போனதால் இடது திருப்பம்தான் குறுகியது. எட்டு ஆண்டுகளாக உங்கள் கண் இடது கண்ணாடிக்குப் பழகியிருக்கும். இங்கே வலது திருப்பம் குறுகியது. 53 அடி நீள டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்வண்டி போன தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு நடைமேடைமேல் ஏறும். மேலும், பாரத்தோடு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் எடையுள்ள அந்த வண்டிக்குக் கிளீனர் கிடையாது. இறங்கி நின்று தட்டி, ‘வரலாம், வரலாம்’ என்று சொல்ல யாருமில்லை.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சாலைப் பலகைகளைப் படிக்கவும், அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லவும் போதிய ஆங்கிலம் வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்தாலும், 2025 ஜூன் 25 முதல், தேறாதவரை வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்கிறார்கள். கிடங்கில் உடன் வேலை செய்பவர்களோடு இப்போதிருந்தே ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள்.

உரிமம் வாங்கிய பிறகும் உடனே தனி வண்டி தர மாட்டார்கள். சில வாரங்கள் ஒரு பயிற்றுநரோடு உண்மையான சரக்கு ஏற்றி நாடு முழுவதும் சுற்ற வேண்டும்; படுப்பது அதே வண்டியின் மேல் படுக்கையில். நல்ல பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார். மற்றவர், நீங்கள் ஓட்டும்போது பின்னால் தூங்கி, இரண்டு பேர் ஓட்டிய மைல்களுக்கும் பணம் எண்ணுவார். உங்களிடம் பழகுநர் உரிமம் மட்டுமே உள்ள காலத்தில், முழு உரிமம் பெற்றவர் முன்னிருக்கையில் உங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒத்துப்போகவில்லை என்றால் அலுவலகத்தை அழைத்து வேறு பயிற்றுநர் கேளுங்கள். எந்தக் கோபத்திலும் வண்டியை வழியில் விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்கள் பணிப் பதிவில் ஏறி, அடுத்த நிறுவனத்தின் வாசலில் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

கேள்வி: என் கணவருக்கு நிறுவனப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆறு மாதமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மருத்துவச் சோதனையில் மறைத்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, சார்லட், வட கரோலினா

பதில்: பயப்படுவது நீங்களாக இருந்தாலும், சரியாக யோசிப்பதும் நீங்கள்தான், அம்மா. மறைக்க வேண்டிய தேவையே இப்போது இல்லை. முன்பெல்லாம் இன்சுலின் போடுபவர் மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டக் கூட்டரசிடம் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் அந்த விதி மாறியது. அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர், சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக அதற்கென உள்ள படிவத்தில் எழுதித் தந்தால், லாரி ஓட்டுநருக்கான மருத்துவச் சோதனை செய்பவர் ஓராண்டு வரை தகுதிச் சான்று தரலாம். குறைந்தது மூன்று மாதச் சர்க்கரை அளவுகளைக் கருவியிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். எனவே இன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் அளந்து வரட்டும். அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகட்டும். அங்கே போய்த் தேடினால் மோட்டல் அறையில் நாள்கள் கழியும். மாத்திரை மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தப் படிவம் தேவையில்லை.

இரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். 140/90க்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டுச் சான்றும், அதற்கு மேல் 159/99 வரை இருந்தால் ஓராண்டுச் சான்றும் கிடைக்கும்; 180/110ஐத் தொட்டால் அன்று சான்று இல்லை. முதல் நாள் இரவு பேருந்தில் தூங்காமல் வந்து, காலையில் மூன்று காபி குடித்துவிட்டு அந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எச்-1பி ஊழியரின் மனைவிக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிறேன். நிறுவனப் பள்ளியில் சேரலாமா?
– வாசகி, டாலஸ்

பதில்: இப்போதைக்குப் பணமும் கட்டாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். கிரீன் கார்டோ அமெரிக்கக் குடியுரிமையோ இல்லாதவர்களுக்குத் தரப்படும் வணிக உரிமத்தின் விதிகளை 2025 செப்டம்பரில் கூட்டரசு மிகவும் இறுக்கியது. அது நீதிமன்றத்துக்கும் போனது. உங்கள் மாநில உரிம அலுவலகத்தில் நேரில் கேட்டு, அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நிறுவனப் பள்ளியில் மூன்றாவது வாரம். நேராக ரிவர்ஸ் எடுப்பது வந்துவிட்டது. பக்கவாட்டிலிருந்து திருப்பிச் சரக்கு மேடைக்குள் பின்பக்கமாக நுழைப்பது மட்டும் வரவே இல்லை. இரண்டு முறை தோற்றுவிட்டேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கம் வரவில்லை.
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, தேர்ச்சி பெறாதவர் கட்டணம் செலுத்த வேண்டுமா என்ற வரியைப் படியுங்கள். வேண்டாம் என்று இருந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். வேண்டும் என்று இருந்தால், எத்தனை முறை திரும்ப எழுத விடுவார்கள் என்பதை இன்றே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி ரிவர்ஸ். டிரெய்லரின் வால் இடப்புறம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தும் கை கேட்பதில்லை. கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிடித்தால், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும், மூளை குழம்பாது. தோற்பவர்களில் பெரும்பாலோர் தவறாகத் திருப்பித் தோற்பதில்லை. சரியாகத் திருப்பி, தாமதமாகத் திரும்பக் கொண்டுவந்து தோற்கிறார்கள். டிரெய்லர் நீங்கள் நினைத்த பக்கம் மடங்கத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, முன்வண்டி அதைத் தொடர்ந்து போகும்படி விட வேண்டும். மடங்கிய பிறகு திருத்த முயன்றால் வண்டி கத்தரிபோல் மடங்கி நிற்கும். அப்போது பின்னாலேயே போராடாமல் முன்னால் இழுத்து நேராக்குங்கள். அப்படி இழுப்பதற்குத் தேர்வில் எத்தனை முறை அனுமதி என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் நடப்பவர் வேகத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, இறங்கிப் போய்ப் பாருங்கள். தேர்விலும் குறிப்பிட்ட முறை இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு; வெட்கப்பட்டு அதைப் பயன்படுத்தாமல் கூம்பை இடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிவர்ஸ் கவலையில் வண்டிச் சோதனைப் பகுதியை மறந்துவிடாதீர்கள். தேர்வு அங்கேதான் தொடங்குகிறது, காற்றழுத்த பிரேக் சோதனையில் ஒரு படி விட்டாலும் அன்றைய தேர்வு அத்தோடு முடிந்தது. என்ஜினை நிறுத்தி, பிரேக்கை முழுவதும் அழுத்திப் பிடித்த நிலையில் ஒரு நிமிடத்தில் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இறங்கக் கூடாது. அழுத்தத்தை மேலும் குறைக்கும்போது எச்சரிக்கை ஒலி வர வேண்டும். பிறகு அது 20 பி.எஸ்.ஐ.க்கும் 45 பி.எஸ்.ஐ.க்கும் இடையே இறங்கும்போது, நிறுத்த பிரேக்கின் வால்வுகள் தாமே வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்வதோடு நிற்காமல், செய்யும்போதே வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மோட்டல் அறையில் இரவு தூக்கம் வராத நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே வண்டி இருப்பதாக எண்ணி, முன்விளக்கிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். அறைத் தோழரும் அதே வகுப்புதான். அவரையே தேர்வாளராக உட்கார வைத்துவிடலாம்.