டேப்பா, நான்கு இடைவெளியா?

கேள்வி: காட்பாடி, குடியாத்தம், இராணிப்பேட்டையைச் சேர்ந்த நண்பர்கள் ஆறு பேர், வேலூர் நகரப் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதி வருகிறோம். வரிகளின் தொடக்கத்தை டேப் விசையால் உள்தள்ளுவதா, நான்கு இடைவெளி விடுவதா என்று இரண்டு மாதமாக வாக்குவாதம். சென்ற வாரம் ஒருவர் பாகாயம் பேருந்தின் நேரத்தை 6.10 என்பதிலிருந்து 6.20 ஆகத் திருத்தினார். அவர் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் டேப்புகளை எல்லாம் இடைவெளிகளாக்கிவிட்டதால், 400 வரிகள் மாறியதாக, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி காட்டியது. யார் சொல்வது சரி?

- ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பைத்தானைப் பொறுத்தவரை, 2001இல் வெளிவந்த ‘பெப் 8’ நெறிமுறை நான்கு இடைவெளியையே பரிந்துரைக்கிறது, வரி நீளம் 79 எழுத்து, குழுவினர் ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம். டேப் போடுவது குற்றமன்று. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எட்டு எழுத்து அகல டேப்பைத்தான் பயன்படுத்துகிறது. கோ மொழியின் வடிவமைப்புக் கருவியும் டேப்பையே இடுகிறது. ஆனால் பைத்தான் 3இல் இரண்டையும் முரணாகக் கலந்தால் நிரல் ஓடவே ஓடாது என்பதால், இடைவெளிக் கட்சிக்கே என் வாக்கு.

என்னை உறுத்துவது அந்த 400 வரிகள். சரிபார்ப்பவர் கண்ணுக்கு 6.20 தென்படாது என்பதோடு, யார் எந்த வரியை எழுதினார் என்று பின்னால் தேடும்போது அனைத்தும் அந்த ஒருவர் பெயரிலேயே நிற்கும். அந்தக் கமிட்டை (கிட்டில் ஒருசேரப் பதிந்த மாற்றத்தை) திருப்பிவிட்டு, நேரத் திருத்தத்தை மட்டும் தனியே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு, நிலுவையில் உள்ள பங்களிப்புகளையெல்லாம் சேர்த்து முடித்த ஒரு நாளில், ‘பிளாக்’ என்னும் நிரல் வடிவமைப்புக் கருவியை மொத்த நிரலின்மீதும் ஓட்டி, வேறெந்தத் திருத்தமும் கலக்காமல் ஒரே கமிட்டாக ஏற்றுங்கள். அது வரி நீளத்தை 88 என்று வைத்துக்கொள்ளும். மாற்றியமைக்க அதிக வாய்ப்புத் தராது, சண்டைக்கார நண்பர்களுக்கு அதுவே நல்லது. அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் குறித்து வைத்தால், 2019இல் வந்த கிட் 2.23 முதல், வரியின் வரலாற்றைத் தேடும்போது அதைத் தாண்டிப் பார்க்கச் சொல்லலாம். இனி ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் கருவி தானே ஓடும்படி அமைத்துவிடுங்கள்.

பெயர்களில் மட்டும் அந்தக் கருவி உதவாது. புதிய பேருந்து நிலையத்தை ஒருவர் ‘நியூ_பஸ்_ஸ்டாண்ட்’ என்றும் மற்றொருவர் ‘என்பிஎஸ்’ என்றும் எழுதியிருந்தால், இரண்டும் ஒரே இடம் என்று அதற்குத் தெரியாது. பயணிக்கு ஒரே நிலையம் இரண்டு முறை தெரியும். அடுத்த சந்திப்பில் நிறுத்தங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பேசுங்கள்.