மலை ரோட்டில் சொகுசு எஸ்யூவி: ஊட்டியிலிருந்து பதில்கள்

பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி கியூ5, மெர்சிடிஸ் ஜிஎல்சி மூன்றையும் அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. (கோவை)

அங்கே அப்படித்தான் இருக்கும் தம்பி. கல்லாறு தாண்டி ஏறிப் பாருங்கள். பிஎம்டபிள்யூ பின்சக்கரத்துக்கே அதிக இழுவை தருவதால், கொண்டை ஊசி வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னாலிருந்து தள்ளிவிடும். மூன்றில் ஓட்டுபவருக்கான வண்டி அதுதான். கியூ5 தேவைப்படாதபோது முன்சக்கரத்தில் மட்டும் ஓடி, வழுக்கினால் பின்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும். பயமில்லாத வண்டி, ஆனால் ஸ்டீயரிங்கில் உயிர் இல்லை. பர்லியார் பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது, அதன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் லேசாக உதறும். மற்ற இரண்டில் அது இல்லை. ஜிஎல்சி மெத்தென்று போகும், அவசரப்படுத்தினால் பிடிக்காது.

லெக்ஸஸ் என்எக்ஸ் ஹைபிரிட் மலையில் திணறுமா சார்? (குன்னூர்)

திணறாது, சத்தம் போடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். அதன் 2.5 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாதது. கூட இருக்கும் மின்மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை என்றாலும், அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே வரும். நிதானமாக ஏறுபவர் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

அம்மாவுக்கு மலையேறினாலே வாந்தி. வால்வோ எக்ஸ்சி60 வாங்கினால் சரியாகுமா? (கோத்தகிரி)

ஏர் சஸ்பென்ஷன் உள்ளதை எடுங்கள், பள்ளத்தில் தூக்கிப் போடாது. ஆனால் பாதி வாந்தி ஓட்டுபவரால்தான் அக்கா. பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, ஒரே சீராகத் திருப்பச் சொல்லுங்கள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள்.

கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் எந்த வண்டி நல்லது? (ஈரோடு)

எந்த வண்டியானாலும் வெளியூர்க்காரர்களை அங்கே இறங்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றிப் போங்கள். 36 கொண்டை ஊசி வளைவு, சும்மா ஒன்றும் தடுக்கவில்லை. இரண்டு டன்னை நெருங்கும் வண்டியை டி (டிரைவ்) கியரில் விட்டு பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வந்தால், முதலில் தீய்ந்த வாடை வரும். அப்புறம் பிரேக் ஆயில் கொதித்து பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். எந்த இறக்கத்திலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடதுபக்கம் உள்ள, கியரைக் குறைக்கும் பேடிலைத் தட்டி, இரண்டாம் கியரில் வையுங்கள். லெக்ஸஸில் பேட்டரி நிரம்பிவிட்டால் மின்மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைந்துவிடும், அங்கே எஞ்சினே பிடிக்கும் நிலையில் போடுங்கள். இந்த விஷயத்தில் விலை உயர்ந்த வண்டி, மலிவான வண்டி என்ற பேதமே கிடையாது.

போர்ஷே மாக்கானைச் சொல்லவே இல்லையே? (திருப்பூர்)

பெட்ரோல் மாக்கானுக்கு இதில் எதுவும் ஈடில்லை. ஆனால் மே மாதம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு குன்னூர் வரை வரிசையில்தான் வரப்போகிறீர்கள் என்றால், எக்ஸ்3 போதும்.