அமெரிக்கக் கிராமங்களில் பார்ன் சுவரில் மாட்டியிருக்கும் வண்ணச் சதுரங்களுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டவர் தெற்கு ஒஹாயோ வழியாகக் காரில் போயிருக்கிறார். பழைய மரக்கொட்டகைகளின் முகப்பில் நட்சத்திரம், காற்றாடி மாதிரி பெரிய பெரிய சதுரப் படங்களைப் பார்த்தாராம். மதச் சின்னமா, ஏதாவது ரகசியக் குறியா, இல்லை சும்மா அலங்காரமா என்று கேட்டிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தில்தான் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். அப்படி ஒரு சதுரத்துக்கு வண்ணம் அடிக்கப் போயும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்குப் பெயர் பார்ன் குவில்ட். பார்ன் என்பது வைக்கோல், மாடு, புகையிலை எல்லாம் இருக்கும் பெரிய மரக்கொட்டகை. குவில்ட் என்பது சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒரு வடிவம் வரும்படி சேர்த்து, நடுவில் பஞ்சுப் படலம் வைத்து, அடித்துணியோடு இணைத்துத் தைக்கிற போர்வை. ஒரு குவில்ட்டில் பெரும்பாலும் ஒரே கட்டம் இருபது முப்பது முறை திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, எட்டடிக்கு எட்டடி மரப்பலகையில் பெரிதாக வரைந்து பார்ன் முகப்பில் மாட்டினால் அது பார்ன் குவில்ட். துணி ஒரு முழம்கூடக் கிடையாது, எல்லாம் பெயின்ட்.

மதச் சின்னம் இல்லை. பென்சில்வேனியாவில் ஜெர்மன் வழிவந்த விவசாயிகளின் பார்ன்களில் வட்டத்துக்குள் நட்சத்திரம் வரைந்திருப்பார்கள், ஹெக்ஸ் சைன் என்று பெயர். அது பழைய வழக்கம். இந்தச் சதுரங்கள் வேறு. இவற்றுக்கு வயது கால் நூற்றாண்டுதான். யார் ஆரம்பித்தது, எதற்காக ஆரம்பித்தது என்பதும் நன்றாகவே தெரியும்.

ஒஹாயோ நதிக்கரையில் ஆடம்ஸ் கவுண்டி என்று ஒரு மாவட்டம். 1989-ல் டோனா சூ குரோவ்ஸ் என்பவரும் அவருடைய அம்மா மாக்சினும் அங்கே மான்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வாங்கினார்கள். பண்ணையோடு ஒரு புகையிலை பார்னும் வந்தது. பார்க்க எந்த லட்சணமும் இல்லாத கொட்டகை. மாக்சின் மேற்கு வர்ஜீனியாக்காரர், தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்த குடும்பம். அந்தச் சுவரைப் பார்த்து, இதில் உனக்காக ஒரு குவில்ட் கட்டம் வரைந்து தருகிறேன் என்று மகள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார்.

இதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. டோனா சூ சின்னப் பெண்ணாக இருந்தபோது நீண்ட கார் பயணங்களில் பிள்ளைகள் பின்சீட்டில் சண்டை போடாமல் இருக்க மாக்சின் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார். வழியில் பார்க்கும் பார்ன்களை எண்ண வேண்டும், வகைக்கு ஏற்றபடி புள்ளி. விளம்பரம் எழுதிய பார்ன் என்றால் கூடுதல் புள்ளி. அந்தக் காலத்தில் மெயில் பவுச் என்ற மெல்லும் புகையிலைக் கம்பெனி, விவசாயிகளின் பார்ன் சுவர்களில் தன் விளம்பரத்தை எழுதிவந்தது. ஹார்லி வாரிக் என்ற பெயின்டர் மட்டுமே தன் வாழ்நாளில் சுமார் 20,000 முறை அதை எழுதியிருக்கிறார். ஆக, பார்ன் சுவரை ஆவலோடு பார்க்கப் பழக்கியதே அம்மாதான். அந்த அம்மாவுக்கு ஒரு பார்ன் சுவரைத் தர மகள் நினைத்திருக்கிறார்.

ஆனால் வாக்குக் கொடுத்து பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. டோனா சூ ஒஹாயோ கலை மன்றத்தில் வேலை பார்த்தவர், ஊர் ஊராகப் போகிற வேலை. கடைசியில் நண்பர்கள் வந்து, வா, உன் பார்னுக்கு நாங்களே செய்து தருகிறோம் என்றபோது, அவர் ஒன்றோடு நிறுத்த வேண்டாம், வழி நெடுகச் செய்வோம் என்றார். கொடியில் போர்வைகளை வரிசையாகக் காயப்போட்ட மாதிரி மாவட்டம் முழுக்க இருபது சதுரங்கள். முதலாவது 2001 அக்டோபரில் ஒரு மூலிகைப் பண்ணையில் ஏறியது. ஒஹாயோ ஸ்டார் என்ற வடிவம். மாக்சினின் பார்னுக்கு அப்புறம்தான் முறை வந்தது, அதில் ஸ்னெயில்ஸ் ட்ரெயில், அதாவது நத்தை போன தடம், ஏறியது. தன் அம்மாவுக்கு என்று நினைத்த ஒன்றை முதலில் ஊருக்குக் கொடுத்த மனசு எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

அதன்பிறகு கென்டக்கி, டென்னசி, அயோவா என்று பரவி, கனடாவின் ஒன்டாரியோ வரை போய்விட்டது. எங்கெங்கே என்று அடுக்க வேண்டாம். ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பதுதான் முக்கியம்.

நீங்கள் பார்த்த கொட்டகைகளில் பல, புகையிலை காய வைக்கக் கட்டியவை. பர்லி என்ற ரகத்தைச் செடியோடு வெட்டி, ஒரு குச்சியில் ஐந்தாறு செடிகளாகக் குத்தி, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் சட்டங்களில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். நெருப்பு மூட்டுவதில்லை, காற்றிலேயே வாரக்கணக்கில் காய வேண்டும். அதனால் சுவரில் உயரமான பலகைக் கதவுகள் வரிசையாக இருக்கும், காற்றைப் பார்த்துத் திறந்து மூடுவார்கள். 2004-ல் வந்த சட்டம், 1930-களிலிருந்து நடந்துவந்த புகையிலை ஒதுக்கீட்டு முறையை முடித்துவைத்தது. அந்த முறை இருந்தவரை சின்ன விவசாயிக்கும் ஓரளவு நிச்சயமான விலை கிடைத்தது. அது போனதும் நிறையக் குடும்பங்கள் புகையிலையை விட்டுவிட்டன. பார்ன் மட்டும் காலியாக நின்றது. இடிக்கவும் மனசு வராது, பராமரிக்கவும் காரணம் இல்லை. அந்த நேரத்தில் சுவருக்கு ஒரு வேலை கிடைத்தது.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு பண்ணை. முட்டை வாங்கப் போய்ப் பழக்கமான அம்மாள், வயது எழுபத்து நான்கு. பெயர் சொல்லவில்லை. அவருடைய பார்னுக்கு ஒரு குவில்ட் செய்யப்போகிறோம், கை வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். நானும் என் மனைவியும் போனோம்.

சமையலறை மேசையில் அவருடைய பாட்டி 1930-களின் கடைசியில் தைத்த குவில்ட் விரித்திருந்தது. வடிவத்தின் பெயர் சர்ன் டாஷ், அதாவது வெண்ணெய் கடைகிற மத்து. நடுவில் ஒரு சதுரம், நான்கு பக்கமும் பட்டைகள், நான்கு மூலையிலும் முக்கோணங்கள். இதே வடிவத்தை வேறு ஊரில் பார்ன் கதவில் ஓட்டை என்பார்கள், இன்னொரு இடத்தில் மங்கி ரெஞ்ச், ஸ்பேனர் மாதிரி ஒரு கருவியின் பெயர். இடத்துக்கு ஒரு பெயர்.

பிரச்சினை நிறத்தில் வந்தது. தொண்ணூறு வருடத்தில் நீலம் சாம்பலாகிவிட்டது. என்ன நீலம் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய அண்ணனுக்கு எண்பது வயது. அவர், அது தாத்தாவின் வேலைச் சட்டை, கருநீலம்தான் என்றார். தங்கை, இல்லை, அது தீவன மூட்டைத் துணி, பாட்டியே என்னிடம் சொல்லியிருக்கிறாள் என்றார். அந்தக் காலத்தில் கோழித் தீவனமும் மாவும் பருத்திப் பைகளில் வரும். கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கலர் துணியிலும் பூப்போட்ட துணியிலும் பை தைத்தன. பெண்கள் அதைப் பிரித்து கவுன் தைப்பார்கள், மிச்சத்தில் குவில்ட்.

ஒரு ஓரத்தில் தையல் ஏற்கெனவே விட்டிருந்தது. அம்மாள் இரண்டு விரலால் அதை மெல்லத் திறந்து பிடித்தார், என் மனைவி டார்ச் அடித்தாள். உள்ளே மடிந்திருந்த கால் அங்குலத் துணியில் வெயில் பட்டதே இல்லை. மேலே சாம்பல், உள்ளே மயில்கழுத்து நீலம், நேற்று வாங்கியது போல. அதே மடிப்பில் இன்னொன்றும் இருந்தது. வரிசையாக, ஒரே இடைவெளியில், கொஞ்சம் பெரிய ஊசித் துளைகள். மூட்டையின் வாயைத் தடித்த நூலால் சங்கிலித் தையல் போட்டு மூடியிருப்பார்கள், அதைப் பிரித்தால் இப்படித்தான் தடம் நிற்கும். சட்டையில் அந்தத் துளை வர வழியே இல்லை. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தங்கையின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நீ சொன்னதுதான் சரி என்றார்.

முப்பது கட்டங்களில் எதை வரைவது என்று நாங்கள் கேட்கவே இல்லை, எதுவானாலும் ஒன்றுதானே என்று நினைத்தோம். அவர் கீழ் வரிசையின் மூலையில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். உற்றுப் பார்த்தால் அதில் ஒரு முக்கோணம் திரும்பியிருந்தது. மூன்று மூலை சரி, நான்காவது மூலையில் நீலம் இருக்க வேண்டிய பக்கம் வெள்ளை.

அங்கே இருந்த ஒருவர், ஆமாம், குவில்ட் தைப்பவர்கள் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்களாமே, குறையில்லாமல் படைப்பது கடவுள் மட்டும்தான் என்பதற்காக, என்றார். இந்தக் கதையை நீங்களும் கேட்டிருக்கலாம், நிறையப் பேர் சொல்வார்கள். அம்மாள் இல்லை என்று தலையசைத்தார். “பாட்டிக்குக் கண்ணில் புரை. இந்தச் சாலைக்கு அப்போது கரண்ட் வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் தைத்தாள். அதுதான்.” சின்ன வயதில் அந்தப் போர்வைக்குள் படுக்கும்போது அந்த மூலைதான் இவர் முகத்துக்கு நேரே வருமாம். தூக்கம் வராத இரவில் திரும்பிய முக்கோணத்தை விரலால் தேடிக்கொண்டே இருப்பாராம். அதைத்தான் வரைய வேண்டும் என்றார். சரிசெய்யாமல், அப்படியே.

வேலை மூன்று சனிக்கிழமை பிடித்தது. வெளிச்சுவருக்கென்றே பதப்படுத்திய பலகை, நாலடிக்கு எட்டடி, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எட்டடிச் சதுரம். ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்தே ஆக வேண்டும், தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறி பலகையை ஊதச் செய்யும். முதலில் முழுக்க வெள்ளை. 96 அங்குலத்தை மூன்றாகப் பிரித்து 32 அங்குலக் கட்டங்கள், பென்சில் கோடு, டேப். டேப் ஒட்டியதும் நேராக நீலம் அடிக்கக் கூடாது. டேப்பின் விளிம்பில் மறுபடி வெள்ளையை ஒருமுறை இழுக்க வேண்டும். கசிவது வெள்ளையாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், பிறகு நீலம் இரண்டு முறை. பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்தால் கோடு கத்தியால் வெட்டியது போல வரும். இதை அந்த அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்.

மாட்டும் நாளில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கம்பத்தில் ஏறும் வாளி வண்டி வந்தது. எந்தக் காற்றுக் கதவும் மறையாத இடமாகப் பார்த்து முடுக்கினார்கள். புகையிலை போட்டு இருபது வருடம் ஆகிறது, கதவைத் திறக்க இனி யாரும் இல்லை. ஆனாலும் அதை அடைக்கக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ரகசியக் குறியா என்று கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி வடக்கே போகும்போது, குவில்ட் வடிவங்கள் வழி சொல்லும் குறிகளாக இருந்தன என்று ஒரு கதை 1990-களின் கடைசியில் வந்த ஒரு புத்தகத்தால் பரவியது. மங்கி ரெஞ்ச் தெரிந்தால் கருவிகளைச் சேர்த்துக்கொள், கிளம்பும் நேரம் என்று அர்த்தமாம். அழகான கதைதான். ஆனால் தப்பி வந்தவர்களே சொல்லிவைத்த நினைவுகளிலோ அக்காலப் பதிவுகளிலோ அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஆடம்ஸ் கவுண்டிக்கு அடுத்த கவுண்டியில், அதே நதிக்கரையில், ரிப்ளி என்ற ஊர் இருக்கிறது. தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஜான் ரேங்கின் என்ற பாதிரியாரின் வீடு இன்றும் அங்கே குன்றின்மேல் நிற்கிறது. தானே அடிமையாக இருந்து, சம்பாதித்துத் தன் விடுதலையை வாங்கி, பிறகு படகில் நதியைக் கடந்து போய் மற்றவர்களை அழைத்து வந்த ஜான் பார்க்கரின் வீடும் அங்கேதான். உண்மையில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, நடந்ததாகத் தெரியாத ஒன்றைப் பார்ன் சுவரில் ஏற்றிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் இரண்டு வீட்டையும் பாருங்கள்.

சதுரங்களின் அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் வடிவத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பதைவிட அந்த வீட்டுக்காரர்களைக் கேட்பதுதான் வழி. பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். சாலை ஓரமாகவே நின்று படம் எடுங்கள், கேட்காமல் வேலிக்குள் போகாதீர்கள்.

எங்கள் அம்மாளின் பார்ன் முன்னால் கார்கள் நிற்கும். இறங்கி வந்து கதவைத் தட்டி, தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் குவில்ட்டில் ஒரு முக்கோணம் திரும்பியிருக்கிறது, வரைந்தவர்கள் கவனிக்கவில்லை போல என்பார்கள். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பெட்டியிலிருந்து குவில்ட்டை எடுத்து மடியில் விரித்து, கீழ் வரிசை மூலையைக் காட்டுவார். வந்தவர்களின் கணக்கைச் சமையலறைக் காலண்டரில் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் முட்டை வாங்கப் போனபோது எண்ணினேன், முப்பத்தொன்று.